ஏழாவது ஷிப்ட்

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார்கள். விம்கோ நகருக்கு மெட்ரோ வந்த பிறகு எழும்பிய கட்டடம். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிச் சங்க அறை. அதில் மூன்று கம்ப்யூட்டர்கள். எதிரே முழங்கால் வலியும் மூக்குக்கண்ணாடியுமாக எட்டுப் பேர். சொல்லித்தருவது இரண்டாவது மாடியில் இருக்கும் கல்லூரிப் பெண். போன வாரம்தான் நான் போய்ச் சேர்ந்தேன். மவுஸைக் கையில் கொடுத்து, "இத நகத்துங்க ஆன்ட்டி, அங்க அம்பு நகரும்" என்றாள். நகர்த்தினேன். அம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. மேற்கொண்டு எப்படிப் போவதென்று புரியாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிரித்தார். அவர் மட்டும் என்ன வாழ்ந்தாராம்? மவுஸை டி.வி. ரிமோட் மாதிரி திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்தானே.

"கையப் பாக்காதீங்க ஆன்ட்டி. ஸ்கிரீனப் பாருங்க. கை தானா வரும்" என்றாள் அந்தப் பெண்.

இப்போது சிரிப்பது என் முறையாகிவிட்டது. "ஏன் ஆன்ட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லாததைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்த சமயம். எண்ணூர் போகிற சாலையில் ஒரு பெரிய தொழிற்சாலை. பெயர் எதற்கு, விடுங்கள். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தேன். பஞ்ச் ஆபரேட்டர் ட்ரெய்னி என்று ஆர்டரில் போட்டிருந்தது. ராயபுரத்தில் எங்கள் சந்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. "பஸ்ல கண்டக்டர் டிக்கெட்ல ஓட்ட போடுவானே, அந்த வேலயா?" என்று எதிர் வீட்டு மேரியக்கா கேட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மேரியக்கா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் செய்தது ஓட்டை போடும் வேலைதான்.

மணியார்டர் பாரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக, விறைப்பான வெளிர்மஞ்சள் அட்டைகள். டைம் ஆபீசிலிருந்து வருகைத் தாள்கள் வரும்: எந்த டோக்கன் நம்பர் ஆள், எந்தத் தேதி, எந்த ஷிப்ட். இடது கை தாளைப் புரட்ட, வலது கை எண் விசைகளைத் தட்டத் தட்ட, அட்டையில் ஓட்டை விழுந்துகொண்டே போகும். ஓட்டை விழுந்த இடத்தை வைத்து உள்ளறையில் இருந்த பெரிய மிஷின் அது என்ன எண் என்று படித்துக்கொள்ளும். காகிதத்தில் தப்பாக எழுதினால் ரப்பரால் அழிக்கலாம். ஓட்டையை எதால் அழிப்பது? தப்பான அட்டை நேரே குப்பைக்கு.

அந்தப் புது அட்டைக் கட்டைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும். காய்ந்த மரமும் புது நோட்டுப் புத்தகமும் கலந்த வாசனை. அட்டையில் வெட்டுப்பட்டு விழும் துணுக்குகளை நாங்கள் பொரி என்போம். டப்பா நிறைய சேரும். கூட வேலை பார்த்த ஒருத்தியின் கல்யாணத்தில் பூவுக்குப் பதிலாக இதைத் தூவலாம் என்று ஒரு கெட்டிக்காரி யோசனை சொல்ல, பை நிறைய எடுத்துப் போய்க் கோயில் வாசலில் வாரி இறைத்தோம். அந்தத் துணுக்கு பார்க்கத்தான் பூப்போல. நாலு மூலையும் ஊசி. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே போட்டோவுக்கு நின்றார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அழுதுகொண்டிருக்கிறார். அந்தக் கெட்டிக்காரி நான்தான்.

எங்கள் அறைக்கு ஏசி உண்டு. எங்களுக்காக இல்லை, ஈரக் காற்றில் அட்டை உப்பிக்கொண்டால் மிஷின் விழுங்காது என்பதற்காக. எங்கள் வீட்டில் குளிரில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். ஏசி அறையில் நான். இறால் ஷெட்டில் அம்மா. காசிமேட்டிலிருந்து ஐஸில் புதைத்து வரும் இறாலை நாள் முழுக்க நின்றுகொண்டே உரிக்க வேண்டும். ஓடு குத்திக் குத்தி விரல் நுனி வெடித்திருக்கும். ஐஸ் தண்ணீர் அதில் புகுந்து வெளுத்துப் போயிருக்கும். சாப்பாட்டில் ரசம் ஊற்றிப் பிசையும்போது அம்மா கையை உதறிக்கொள்வாள். ஸ்கூல் லீவில் நானும் ஷெட்டுக்குப் போயிருக்கிறேன். துறைமுகத்தில் நைனாவின் கால்மேல் சரக்குப் பெட்டி விழுந்து அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, லீவு முடிந்தும் போயிருக்கிறேன். வேலைக்கு ஆர்டர் வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்தக் கை ஷெட்டுக்குத் திரும்பி வரக் கூடாது."

மூன்று மாதத் தகுதிகாண் காலம். அதற்குள் வேகமும் வரவேண்டும், தப்பும் வரக்கூடாது. வராவிட்டால் டோக்கனைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்கே போவது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது பெரியவன். பாரீஸ் கார்னரில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் பியூன். யாரிடமும் அதிகம் பேச மாட்டான், ஆனால் எதையும் அவனிடம் கொடுத்தால் பிரித்து மாட்டிவிடுவான். வேலையில் சேர எனக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. "எண்ணு தட்ற மிஷினா? எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு கீது பாப்பா. கூட்டல் மிஷினு. எல்லாம் ஒரே மாரிதான்" என்றான். மறுநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில், கிளார்க் எழுந்து போன சமயம் பார்த்து, அந்த மிஷினின் விசைப் பலகையை ஒரு காகிதத்தில் அப்படியே வரைந்து எடுத்து வந்தான். டீத்தூள் பெட்டியின் பிளைவுட் பலகையில் ஒரு துண்டு அறுத்தான். எம்.சி. ரோடு தையல்கடையில் பெரிய கோட்டுப் பொத்தான்களாகப் பார்த்துப் பத்து வாங்கினான். அவற்றை வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டி, படகுக்குப் பூசுகிற நீலப் பெயின்ட்டால் ஒவ்வொன்றிலும் எண் எழுதினான். அன்றைக்கு எங்கள் சந்தில் அதைப் பார்க்க வராதவர்கள் இல்லை.

தினமும் சாயந்தரம் பாடம். நான் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் கை வைப்பேன். அண்ணன் எதிரில் குந்திக்கொண்டு எண்களை வாசிப்பான். "ரெண்டு, எட்டு, மூணு, ஒண்ணு." தட்டுவேன். தப்பினால், "தப்பு! இன்னா பாப்பா, தூங்கினுகீறியா?" என்று ஓர் அதட்டல். சரியாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் பாராட்டு. நைனா காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா ஷெட்டிலிருந்து வந்து கைகால் கழுவாமல் வாசலிலேயே நின்று கேட்பாள். பதினைந்தாம் நாள் என் விரல்கள் எங்கே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே போய் உட்கார்ந்தன. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பாடம் நிற்கவில்லை.

கம்பெனியில் முதல் இரண்டு வாரம் அட்டை அடுக்குவதும், மிஷினுக்குள் ஏற்றுவதும், சிக்கினால் எடுப்பதும், சீனியர்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதுமாகப் போனது. மூன்றாவது வாரத் திங்கட்கிழமைதான் எனக்கென்று ஒரு மிஷின். புதியவர்கள் விசைகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டிப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் வேகம் வராது என்பது சூபர்வைசரின் கொள்கை. அதனால் விசைப் பலகைக்கு மேல் ஒரு தகர மூடி பொருத்தியிருப்பார்கள். கையை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். "கையைப் பார்க்காதே, தாளைப் பாரு" என்றார். நான் மனதுக்குள் அண்ணனை நினைத்துக்கொண்டேன். கையை நுழைத்தேன். பறந்தேன் என்றால் அப்படிப் பறந்தேன்! என்னோடு சேர்ந்த மூன்று பெண்களும் தடவிக்கொண்டிருக்கையில் என் மிஷின் மட்டும் மழை பெய்கிற மாதிரி ஓடியது. சூபர்வைசர் இரண்டு தடவை என் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனார். நான் தட்டுகிற அட்டைகள் சுலோச்சனாவிடம் போயின.

சுலோச்சனா சரிபார்ப்பவள். நாங்கள் தட்டி முடித்த அட்டையையும் அதே தாளையும் வைத்துக்கொண்டு, வேறொரு மிஷினில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டுவாள். நான் போட்ட ஓட்டையும் அவள் தட்டுகிற எண்ணும் ஒன்றாக இருந்தால் மிஷின் பேசாமல் நகரும். வேறாக இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து விசைகள் பூட்டிக்கொள்ளும். என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். தண்டையார்பேட்டைக்காரி, வாய் என்றால் வாய். அவளைக் கண்டால் அறையில் எல்லோருக்கும் உள்ளூரக் கசப்பு. பின்னே, நாள் முழுக்க நம் தப்பை எண்ணிச் சாயந்தரம் பெயர் பெயராக எழுதிக் கொடுக்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

மதியத்துக்கு மேல் அவள் மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் எரிந்தது. என் அட்டைத் தட்டு முழுக்க ஓர் அட்டைகூடச் சரியில்லை. சூபர்வைசர் வந்தார். தாளில் டோக்கன் 1735, முதல் ஷிப்ட். என் அட்டையில் 7195, ஏழாவது ஷிப்ட். "ஏம்மா, இந்தக் கம்பெனியில மூணு ஷிப்ட்தானே ஓடுது? ஏழாவது ஷிப்டை நீயே திறந்துட்டியா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. பயத்தில் கை தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல பெண் என்ன செய்வாள்? வீட்டுக்குப் போய் இன்னும் உழைப்பாள். நானும் அன்று அண்ணனை உட்கார வைத்து இரண்டு மடங்கு பழகினேன். பலகையில் ஒரு தப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை போய் முன்னைவிட வேகமாக, முன்னைவிட உறுதியாக, முழுத் தட்டையும் தப்பாக அடித்தேன். சூபர்வைசர் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்மா. அப்புறம் எனக்கு வேற வழியில்லை" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்று பஸ்ஸில் வரும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஷெட்டில் என் இடம் இன்னும் காலியாக இருக்குமா என்று யோசித்தேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையும் அதே கதை. சாப்பாட்டு நேரத்தில் நான் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சுலோச்சனா என் தப்பு அட்டைகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து எதிரில் பரப்பினாள்.

"இங்க பாரு. ஒண்ணுன்னா ஏழு போட்டுகீற. ஏழுன்னா ஒண்ணு. ரெண்டுன்னா எட்டு. மூணுன்னா ஒம்போது. நாலு, அஞ்சு, ஆறு மட்டும் ஒரு தபா கூட தப்பல. நீ தடுமாறல பொண்ணு. நீ எங்கியோ நல்லாக் கத்துகினு வந்துகீற. எங்க கத்துகின?"

பொத்தான் பலகையைப் பற்றிச் சொன்னேன். மேல் வரிசை என்ன என்று கேட்டாள். ஏழு, எட்டு, ஒன்பது என்றேன். எழுந்து போய் என் மிஷினின் தகர மூடியைக் கழற்றிக் காட்டினாள். மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டல் மிஷின் கீழேயிருந்து மேலே எண்ணுகிறது. எங்கள் மிஷின் மேலேயிருந்து கீழே. இரண்டு வாரம் அந்த மிஷின்களுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். கண் பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அண்ணன் போட்டுத் தந்ததைத் தவிர வேறெதையும் என் கை நம்பவில்லை.

சாயந்தரம் தப்புக் கணக்குத் தாளைச் சுலோச்சனா சூபர்வைசரிடம் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டிருந்தது.

"என்னது இது? தட்டு முழுக்கத் தப்பு கிடக்கு, ஒண்ணுன்னு எழுதியிருக்க?"

"தப்பு ஒண்ணுதான் சார். அதுவே திரும்பத் திரும்ப வந்துகினுகீது" என்றாள் சுலோச்சனா. அட்டைகளை அவர் மேஜையில் பரப்பி விளக்கினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா ஒருத்தி தப்பு பண்ணி நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் தருவதாகச் சொன்னார்.

வீட்டில் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. தலைவலி என்று பாடத்தைத் தள்ளிப்போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மடியில் தட்டிப் பழகினேன். இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் பலகையை எடுத்து வந்து எதிரில் வைத்து, "ஒண்ணு, ஒம்போது, ரெண்டு" என்றான். என் விரல் இப்போது இரண்டும் கெட்டான். "தப்பு!" என்றான். இன்னொன்று சொன்னான். "தப்பு! இன்னா பாப்பா ஆச்சு ஒனக்கு?" அழுகையோடு போட்டு உடைத்துவிட்டேன். "ண்ணா, எங்க மிஷின்ல ஒண்ணு மேலே கீதுண்ணா."

அண்ணன் பலகையைக் கையில் எடுத்து வெறித்துப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நைனா, "ஏண்டி அவன்கிட்ட சொன்ன?" என்றார். அண்ணன் கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் வஜ்ஜிரத்தோடு திரும்பி வந்தான். கத்தியை எடுத்து ஆறு பொத்தான்களையும் நெம்பினான்.

"உங்க கம்பெனிக்காரன் மேலேர்ந்து எண்றான். எங்க ஆபீஸ்காரன் கீழேர்ந்து எண்றான். நடுவுல பேஜாரு நமக்குத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இடம் மாற்றி ஒட்டினான். தன் தப்பு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. மறுநாள் சாயந்தரம் பாடம் தொடங்கியது. இந்தத் தடவை அவனுக்கும் மறக்க வேண்டியிருந்தது. நான் சரியாகத் தட்டியதற்கே பழைய பழக்கத்தில் "தப்பு" என்பான். பிறகு பலகையைப் பார்த்துவிட்டு, "செரி, செரி, மேல போ" என்பான்.

கற்றுக்கொள்வதைவிட மறப்பது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூளைக்குச் சொன்னால் ஒரு நாளில் கேட்டுக்கொள்கிறது. விரலுக்குப் பத்து நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. முதலில் சில எண்கள் தப்பின, பிறகு எப்போதாவது, பிறகு பசி நேரத்தில் மட்டும். ஒரு நாள் காலை என் தட்டைச் சுலோச்சனா முடித்துவிட்டு எழுந்தபோது சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரிந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வஞ்சிர மீன் எடுத்து என் சோற்றின்மேல் வைத்தாள். மூன்று மாதம் முடிந்து வேலை நிரந்தரமானது. அன்றைக்கு அம்மாவிடம் ஆர்டரைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, இருந்தும் ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள்.

அம்மா, அண்ணன், சுலோச்சனா, இந்த மூன்று பேருக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்பது இந்த வயதில்தான் முழுசாக உறைக்கிறது. அண்ணனின் பலகை தப்பானதுதான். ஆனால் பார்க்காமல் தட்ட முடியும் என்ற தைரியத்தை அதுதான் கொடுத்தது. சுலோச்சனா வேறு யாராகவாவது இருந்திருந்தால் என் பெயருக்கு நேரே ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள். அப்படிச் செய்திருந்தால் அது அவள் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் ஆகியிருக்கும். தட்டு நிறையக் கிடந்த தப்புகளை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து?

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. எழுபதுகள் முடியுமுன்பே அட்டைக்குப் பதிலாகக் காந்த நாடா வந்துவிட்டது. அட்டைக் கட்டுகளை எடைக்குப் போட்டார்கள். அந்தத் தொழிற்சாலையின் பழைய கட்டடமும் இப்போது இல்லை. அந்தப் பக்கம் போனால் எது வாசல் என்று அடையாளம் சொல்ல என்னால் முடியாது. நைனா போனார், அம்மா போனாள், போன வருஷம் அண்ணனும் போய்விட்டான். கொரோனாவுக்கு முந்தின டிசம்பரில் சுலோச்சனா.

எல்லாவற்றிலும் முதலில் போனது அவளுடைய நாற்காலிதான். நாடா மிஷின் வந்ததும், இனி தனியாகச் சரிபார்க்க ஆள் தேவையில்லை, அவரவர் தட்டுவதை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினோம். சுலோச்சனாவைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்று சாயந்தரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். திருவொற்றியூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இனிமே உன் தப்பு உன்னுதுதாண்டி. நான் வர மாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. "போடி" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, என் தொடையில் ஒரு அடி வைத்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் இறங்கிப் போனாள்.

இப்போது எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு, மருந்து கொண்டுவரும் பையனுக்கு, அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. போடி என்று சொல்லத்தான் எனக்கு யாருமில்லை.